இரண்டாம் கட்டுப் பேச்சு

கேள்வி: அமெரிக்காவில் அரசாங்க ஆணையங்கள் ஜனங்களை உட்கார வைத்துக்கொண்டுதான் கூட்டம் போட வேண்டுமாம், என் மகன் சொல்கிறான். எல்லாவற்றையுமா அப்படிப் பேசுவார்கள்?
- ஆத்தங்குடியிலிருந்து ஓர் ஆச்சி

பதில்: மகன் சொன்னது பாதி, ஆச்சி. 1976-இல் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் அது. 'சூரிய வெளிச்சச் சட்டம்' என்று பெயர். ஒற்றை ஆள் தலைமையில் நடக்கும் துறைகளை அது தொடாது. பங்குச் சந்தை ஆணையம், தொலைத்தொடர்பு ஆணையம் மாதிரி பல பேர் சேர்ந்து முடிவெடுக்கும் இடங்களுக்குத்தான். ஒரு வாரம் முன்பே நாள், இடம், பேசப்போகும் விஷயம், கதவு திறந்திருக்குமா சாத்தியிருக்குமா என்பது வரை அறிவிக்க வேண்டும்.

சாத்தலாமா? சாத்தலாம். உங்கள் வீட்டு முகப்பில் யாரும் வந்து உட்காரலாம். சீர் கணக்குப் பேசுவது உள்ளே இருக்கும் இரண்டாம் கட்டில்தானே? சட்டத்திலும் அதற்கு 10 காரணங்கள் உண்டு. நாட்டுப் பாதுகாப்பு, கம்பெனிகளின் தொழில் ரகசியம், ஒருவர்மேல் குற்றம் சுமத்தும் பேச்சு, சொந்த அந்தரங்கம், விசாரணை, வழக்கு, வங்கிகளைச் சோதித்த அறிக்கை, முன்கூட்டியே கசிந்தால் சந்தையில் சூதாட்டம் கிளப்பும் சேதி என்று போகிறது.

எனக்குப் பிடித்தது அதற்கடுத்த பகுதி. தலைவர் கையசைத்தால் போதாது. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஓட்டுப் போட வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் போட முடியாது. யார் எப்படிப் போட்டார், ஏன் சாத்துகிறோம் என்பது ஒரே நாளில் வெளியே வர வேண்டும். எந்தக் காரணத்தின்கீழ் என்று சட்ட அதிகாரி சான்று தர வேண்டும். உள்ளே பேசியதைப் பதிவு செய்து, குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சில வகைக்கு விரிவான மினிட், அதாவது கூட்டக் குறிப்பு, போதும்.

ஓட்டையும் இருக்கிறது. கோரம், அதாவது கூட்டம் நடத்தக் குறைந்தபட்சம் வேண்டிய ஆள் கணக்கு, சேராதபடி இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொள்வார்கள். கூட்டமே போடாமல், ஃபைலை ஆளாளுக்குச் சுற்றுக்கு விட்டு முடித்துவிடுவதும் உண்டு. மனிதர்கள் எங்கும் மனிதர்கள்தான்.

நான் ஒரு நகராட்சியில் மினிட் எழுதியவன். ஒரு டெண்டர் பேச்சின்போது வந்திருந்த நாலு பேரையும் வெளியே அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். 'பொதுமக்கள் வெளியேறினர்' என்று எழுதினேன். என்ன காரணம் போடட்டும் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் எதுக்குப்பா" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். ரிட்டயராகி இத்தனை வருடமாகியும் அந்த வரி உறுத்துகிறது.

நம் ஊருக்கு வருவோம். கிராம சபையில் வாக்காளராக நீங்களே ஓர் உறுப்பினர். அங்கே உங்களை வெளியே போகச் சொல்லும் பேச்சே இல்லை. அக்டோபர் 2-க்குப் போய் உட்காருங்கள். மற்ற குழுக்களுக்கு 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் நாலாம் பிரிவைப் பாருங்கள். இரண்டு பேரோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு குழுவின் கூட்டத்துக்கும் ஜனங்கள் வரலாமா, மினிட்டைப் பார்க்கலாமா என்று அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும். வெளியிடவில்லையா? 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மினிட் நகலையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.