கேள்வி – பதில்: முதல் கலீஃபாக்கள் ஆட்சிக்கு வந்ததும் ஆண்டதும்

நபிகள் நாயகத்துக்குப் பின் முஸ்லிம்களை ஆண்ட கலீஃபாக்களின் ஆட்சிமுறை பற்றி வந்த கேள்விகளில் ஆறு இந்த இதழில். ‘ரலி’ (அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக) என்பதை ஒவ்வொரு பெயரோடும் அச்சிட இடமில்லை. வாசகர்கள் சேர்த்தே படிக்கவும்.

‘நான்கு கலீஃபாக்களும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்’ என்று ஜும்ஆ பயானில் கேட்டேன். ‘அபூபக்கர் தமக்குப் பின் உமரை நியமித்தார்’ என்று ஒரு நூலில் படித்தேன். எது சரி?
*— வாசகர், மேலப்பாளையம்*

இரண்டும் பாதி சரி. பெயரை முன்மொழிவது ஒன்று, மக்கள் கைகொடுத்து பைஅத் (விசுவாச உறுதிமொழி) செய்வது இன்னொன்று. பைஅத் நால்வருக்கும் நடந்தது. முன்மொழிந்த விதம்தான் ஒவ்வொருவருக்கும் மாறியது.

ஹிஜ்ரி 11இல் நபிகள் நாயகம் (ஸல்) மறைந்து, நல்லடக்கம்கூட முடியாத நிலையில், மதீனாவின் அன்சாரிகள் (நபியவர்களுக்கு ஆதரவளித்த உள்ளூர் முஸ்லிம்கள்) ஸகீஃபா பனூ ஸாயிதா என்ற கூரைக் கொட்டகையில் கூடி ஸஅத் பின் உபாதாவை முன்னிறுத்தினார்கள். அபூபக்கர், உமர், அபூஉபைதா மூவரும் விரைந்து போனார்கள். ‘எங்களில் ஓர் அமீர் (தலைவர்), உங்களில் ஓர் அமீர்’ என்ற யோசனை அங்கே எழுந்து, வாதம் முற்றி, அபூபக்கரின் கையில் பைஅத்தாக முடிந்தது. மறுநாள் பள்ளிவாசலில் பொது பைஅத். உமரோ, அபூபக்கர் எழுதிவைத்த ஆவணத்தின்படி வந்தவர். உஸ்மான் ஆறு பேர் குழுவின் வழியாக வந்தார். அலியை, கலவரத்தில் உஸ்மான் கொல்லப்பட்ட மதீனாவில் மக்கள் வற்புறுத்தி ஏற்கச் செய்தார்கள்.

ஸகீஃபாவில் நடந்தது யோசித்துச் செய்த ஏற்பாடு அல்ல, திடீரென்று நடந்துவிட்டது, அதன் தீங்கிலிருந்து அல்லாஹ் காத்தான், இனி யாரும் கலந்தாலோசிக்காமல் அப்படிச் செய்யக் கூடாது என்று உமரே பிற்காலத்தில் மிம்பரில் (பள்ளிவாசல் மேடையில்) எச்சரித்ததை புகாரி ஹதீஸ் தொகுப்பு பதிவு செய்திருக்கிறது. அலி பைஅத் செய்தது ஆறு மாதம் கழித்து, ஃபாத்திமா நாயகியின் மறைவுக்குப் பிறகு என்பதும் அதே நூலில் உண்டு. ‘கதீர் கும் என்ற இடத்தில் நபியவர்களே அலியை அறிவித்துவிட்டார்கள், பிறகு தேர்தல் எதற்கு’ என்பது ஷியாக்களின் நிலை. அங்கே நபியவர்கள் அலியைப் பற்றிச் சொன்ன சொற்கள் அன்பையும் நட்பையும் குறித்தவை, ஆட்சியை அல்ல என்பது சுன்னத் ஜமாஅத்தின் விளக்கம்.

‘முதல் கலீஃபாக்களின் ஆட்சியான நேர்வழி கிலாஃபத் 30 ஆண்டு’ என்கிறார்கள். 661இலிருந்து 632ஐக் கழித்தால் 29தானே வருகிறது?
*— கல்லூரி மாணவி, கீழக்கரை*

கழித்தல் சரி, ஆண்டுதான் வேறு. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாள், சில ஆண்டுகளில் 355. முப்பது ஹிஜ்ரி ஆண்டு என்பது ஆங்கிலக் கணக்கில் 29 ஆண்டும் சுமார் 39 நாளும். இப்போது கூட்டிப் பாருங்கள்: அபூபக்கர் 2 ஆண்டு 3 மாதம், உமர் 10 ஆண்டு 6 மாதம், உஸ்மான் சில நாள் குறைய 12 ஆண்டு, அலி 4 ஆண்டு 9 மாதம். மொத்தம் இருபத்தொன்பதரை. மீதி அரை ஆண்டு அலியின் மகன் ஹஸன் அவர்களின் ஆட்சி. அதை விட்டுவிட்டு நால்வரோடு நிறுத்துவதால்தான் பலருக்குக் கணக்கு இடிக்கிறது.

உமர் அமைத்த ஆறு பேர் குழு எப்படி வேலை செய்தது? படிப்படியாகச் சொல்லுங்கள்.
*— வழக்கறிஞர், திருச்சி*

ஹிஜ்ரி 23 துல்ஹஜ் மாத இறுதியில் (கி.பி. 644 நவம்பர்) சுபுஹு (அதிகாலை) தொழுகையில் குத்துப்பட்ட உமருக்குச் சில நாள்தான் உயிர் இருந்தது. சொர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்ற பத்துப் பேரில் அவரைத் தவிர அப்போது உயிரோடிருந்தவர்கள் ஏழு பேர். அவர்களில் ஸயீத் பின் ஸைத் உமரின் சகோதரி கணவர், அவரை விட்டுவிட்டார். மிச்சம் உஸ்மான், அலி, தல்ஹா, ஸுபைர், ஸஅத் பின் அபீவக்காஸ், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப். தம் மகன் அப்துல்லாஹ் ஆலோசனையில் உட்காரலாம், பதவிக்கு வரக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

காலக்கெடு மூன்று நாள். அதுவரை தொழுகை நடத்த ஸுஹைபை நியமித்தார்: போட்டியாளர் எவரும் இமாமாக நிற்கக் கூடாதல்லவா! வரலாற்றாசிரியர் தபரி தரும் செய்தியில் இன்னும் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. குழுவுக்குக் காவலாக அபூதல்ஹாவின் கீழ் 50 அன்சாரிகள். மூன்றுக்கு மூன்றென்று பிரிந்தால் முதலில் அப்துல்லாஹ் பின் உமரின் தீர்ப்பு, அதை ஏற்காவிட்டால் அப்துர் ரஹ்மான் இருக்கும் பக்கம்.

நடந்தது வேறு விதம். ஆறு பேரில் மூவர் மற்ற மூவருக்கு விட்டுக்கொடுத்தார்கள்: ஸுபைர் அலிக்கு, தல்ஹா உஸ்மானுக்கு, ஸஅத் அப்துர் ரஹ்மானுக்கு. (இது புகாரியின் செய்தி. தல்ஹா அப்போது ஊரிலேயே இல்லை என்று எழுதுவோரும் உண்டு.) ‘உங்களில் யார் விலகிக்கொண்டு மற்ற இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது?’ என்று அப்துர் ரஹ்மான் கேட்டதற்கு இருவரும் வாய் திறக்கவில்லை. அவரே விலகி நடுவரானார். மூன்று இரவு தூங்காமல் ஊராரை விசாரித்தார். கடைசி இரவில் அலியோடு நள்ளிரவு வரை, பிறகு உஸ்மானோடு பாங்கு சொல்லும் வரை தனித்தனியாகப் பேசினார். சுபுஹுக்குப் பின் பள்ளிவாசலில் உஸ்மானின் கையைப் பிடித்தார். குர்ஆன், சுன்னத், முந்தைய இரு கலீஃபாக்களின் வழி ஆகிய மூன்றையும் பின்பற்றுவீர்களா என்ற கேள்விக்கு உஸ்மான் ‘ஆம்’ என்றார் என்றும், அலி ‘என் அறிவுக்கும் சக்திக்கும் எட்டியவரை’ என்று பதிலளித்தார் என்றும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அலியின் பதில் நேர்மையானது என்றே தோன்றுகிறது. ஆனால் நடுவர் கேட்டது ஒற்றைச் சொல்.

உமர் மக்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தாராமே?
*— வாசகி, அதிராம்பட்டினம்*

மாதம் அல்ல, ஆண்டுத் தொகை. அதற்கான பேரேட்டுக்குப் பெயர் திவான். நம் ஊர் சமஸ்தான ‘திவான்’ பதவியும் இதே சொல்லிலிருந்து வந்ததுதான். அகீல், மக்ரமா, ஜுபைர் பின் முத்இம் என வம்சாவளி அறிந்த மூவரைக் கொண்டு பட்டியல் எழுதவைத்தார். நபியவர்களின் உறவில் தொடங்கச் சொன்னார். தம் குலத்தை அதற்குரிய இடத்தில்தான் எழுத வேண்டும் என்றார். முஸ்லிம்களின் முதல் பெரும் போரான பத்ரில் போரிட்டவர்களுக்குத் தலைக்கு 5,000 திர்ஹம், முதல் முஹாஜிர்களுக்கு (மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புலம்பெயர்ந்தவர்களுக்கு) 4,000. தம் மகனுக்கு மட்டும் 3,500: ‘அவனைப் பெற்றோர்தானே அழைத்து வந்தார்கள்!’

இதில் ஒரு கோளாறும் நேர்ந்தது. பால்குடி மறந்த குழந்தைக்கே தொகை என்று விதி இருந்ததால், தாய்மார் அவசரமாகப் பால் மறக்கடித்தார்கள். இரவில் ஒரு குழந்தையின் ஓயாத அழுகையைக் கேட்டு விசாரித்த பிறகே பிறந்த உடன் 100 திர்ஹம் என்று மாற்றினார். அபூபக்கர் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டவர். அலியும் சமப்பங்குக்கே திரும்பினார்; அதுவே அவருக்குப் பகையையும் தேடித் தந்தது.

உமர் காலத்தில் வென்ற இராக் நிலங்களைப் படைவீரர்களுக்குப் பிரித்துக் கொடுக்காதது ஏன்?
*— விவசாயி, நாகூர்*

பிரித்தால் பின்னால் வருபவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பது உமரின் வாதம். பிலாலும் ஸுபைரும் பிரிக்கத்தான் வேண்டும் என்று கடுமையாக நின்றார்கள். அலியும் உஸ்மானும் உமரின் பக்கம். உமர் அவ்ஸ், கஸ்ரஜ் கோத்திரங்களில் ஐந்தைந்து அன்சாரிகளை அழைத்துவைத்து, ‘அவர்களுக்குப் பின் வந்தோர்’ என்ற குர்ஆனின் ஹஷ்ர் அத்தியாய வசனத்தை ஆதாரமாகக் காட்டினார். நிலம் உழுதவர்களிடமே இருந்தது; கராஜ் என்ற நிலவரி மட்டும் பைத்துல் மாலுக்கு (பொதுக் கருவூலத்துக்கு). உஸ்மான் பின் ஹுனைஃப் அளந்ததில் 3 கோடியே 60 லட்சம் ஜரீப் வந்தது. ஒரு ஜரீப் ஏறத்தாழ நம் 40 சென்ட். ஜரீபுக்குக் கோதுமை என்றால் 4 திர்ஹம், பார்லி என்றால் 2. ஜரீபுக்கு ஒரு திர்ஹமும் ஒரு கஃபீஸ் (முகத்தல் அளவு) தானியமும் என்று இன்னொரு செய்தியும் உண்டு. எல்லாப் பகுதிக்கும் ஒரே விகிதம் இருந்திருக்காது என்பது எங்கள் ஊகம்.

உஸ்மான் பதவி விலகியிருந்தால் உயிர் தப்பியிருப்பார் அல்லவா? ஏன் விலகவில்லை? மன்னராட்சி அதனால்தானே வந்தது?
*— ஆசிரியர், கொழும்பு*

தப்பியிருக்கலாம். ‘ஆள் பிடிக்காவிட்டால் கூட்டமாக வந்து இறக்கலாம்’ என்ற வழக்கத்தை நீங்கள் தொடங்கிவைக்காதீர்கள் என்று அப்துல்லாஹ் பின் உமர் அவருக்குச் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. உஸ்மானின் நிலையும் அதுதான்.

உறவினர்களை ஆளுநர்களாக்கினார் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. புகாரைக் கேட்கவே இல்லை என்பது உண்மையல்ல. மது அருந்தியதாகச் சாட்சி வந்ததும் கூஃபா ஆளுநர் வலீத் பின் உக்பாவை நீக்கி, கசையடியும் நிறைவேற்றச் செய்தார். அடுத்து வந்த ஸயீத் பின் ஆஸைக் கூஃபாவாசிகள் ஊருக்குள் விடாதபோது, அவர்கள் கேட்ட அபூமூஸாவையே கொடுத்தார். ஆளுநரை மாற்ற வழி இருந்தது. கலீஃபாவை மாற்றத்தான் எந்த ஏற்பாடும் இல்லை. ஆறு பேர் குழுவை அத்தனை நுணுக்கமாக யோசித்த உமரும் அதைப் பற்றி ஒரு வரி விட்டுச்செல்லவில்லை.

இன்னொரு காரணம் படையின் இருப்பிடம். போர்வீரர்கள் கூஃபா, பஸ்ரா, எகிப்தின் ஃபுஸ்தாத், டமாஸ்கஸ் நகரங்களில் இருந்தார்கள். தலைநகர் மதீனாவில் நிலைப்படையே கிடையாது. ஹிஜ்ரி 35இல் எகிப்து, கூஃபா, பஸ்ராவிலிருந்து வந்த சில நூறு பேர் வீட்டை முற்றுகையிட அதுவே போதுமாயிற்று. காக்க வந்தவர்களையும், தமக்காக இரத்தம் சிந்த வேண்டாம் என்று அவரே திருப்பி அனுப்பினார். அடுத்து வந்த அலி மதீனாவை விட்டுக் கூஃபாவுக்குப் போனதும் படை இருந்த இடம் அது என்பதால்தான்.

மன்னராட்சிக்கு உஸ்மானைக் காரணமாக்குவது சரியல்ல. ஹஸன் ஹிஜ்ரி 41இல் ஆட்சியைச் சிரியா ஆளுநர் முஆவியாவுக்கு விட்டுக்கொடுத்த பிறகும் வாரிசு முறை வரவில்லை. முஆவியா ஹிஜ்ரி 56 வாக்கில் தம் மகன் யஸீதுக்கு முன்கூட்டியே பைஅத் வாங்கத் தொடங்கியபோதுதான் வந்தது. மதீனாவில் ஹஸனின் தம்பி ஹுஸைனும் அப்துல்லாஹ் பின் ஸுபைரும் மறுத்தார்கள். அபூபக்கரின் மகன் அப்துர் ரஹ்மான், இது ரோம மன்னன் ஹிரக்லின் வழக்கம் என்று ஆளுநர் மர்வானின் முகத்துக்கு நேரே சொன்னார். உமர் தம் மகனின் பெயரை விலக்கி அப்போது 33 ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த மகனும் உயிரோடு மதீனாவில்தான் இருந்தார்.