ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) மதிப்பு 9.81-க்குப் பதில் 7.9 வருகிறது, காரணம் காற்றுத் தடை என்று எழுதலாமா?

உங்கள் அளவீடுகள் இவை: மின்காந்தத்திலிருந்து விடுபட்ட இரும்புக் குண்டு அரை மீட்டர் விழ 0.369 வினாடி, ஒரு மீட்டருக்கு 0.502, இரண்டு மீட்டருக்கு 0.689. இவற்றில் ஜி முறையே 7.3, 7.9, 8.4. சராசரி 7.9.

காற்றுத் தடை என்று எழுதாதீர்கள். செய்முறை நோட்டுகளில் பாவம், எல்லாப் பழியும் அதன் தலையில்தான் விழுகிறது. இரண்டு மீட்டர் விழும் சின்ன இரும்புக் குண்டில் அதன் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. தவிர, காற்றுதான் காரணம் என்றால் உயரம் கூடக்கூட ஜி குறைய வேண்டும். உங்களுக்கு ஏறுகிறது.

அந்த ஏற்றத்தைத்தான் கவனிக்க வேண்டும். சராசரி எடுத்ததும் அது மறைந்துபோகிறது. ஒவ்வொரு நேரத்திலும் ஒரே அளவு கூடுதல் ஒட்டிக்கொண்டிருந்தால் இப்படித்தான் வரும். குறைந்த உயரத்தில் மொத்த நேரமே கொஞ்சம் என்பதால் அங்கே அடி பலமாக விழும்.

சரி, எப்படிப் பிரித்தெடுப்பது? உயரத்தின் வர்க்கமூலத்தைக் கிடை அச்சிலும் நேரத்தைச் செங்குத்து அச்சிலும் போட்டு வரைபடம் வரையுங்கள். உங்கள் மூன்று புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. சாய்வு 0.452. இரண்டை அதன் வர்க்கத்தால் வகுத்தால் ஜி சுமார் 9.8. கோடு ஆதிப்புள்ளி வழியே போகாமல் நேர அச்சை 0.05 வினாடியில் வெட்டும். அதுதான் அந்தக் கூடுதல். எக்ஸெலில் போடுகிறீர்கள் என்றால், கோட்டை ஆதிப்புள்ளி வழியே போகும்படி கட்டாயப்படுத்தும் வசதியைத் தொடாதீர்கள்.

அந்த 0.05 எங்கிருந்து வந்தது? மின்சாரத்தை நிறுத்தியதும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது, ஆனால் மின்காந்தத்தின் காந்தத்தன்மை அதே நொடியில் போய்விடாது. குண்டு கொஞ்சம் தாமதித்தே விடுபடுகிறது. என் சந்தேகம் அங்கேதான். காந்தத்துக்கும் குண்டுக்கும் இடையில் மெல்லிய காகிதத் துண்டை ஒட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், வெட்டும் இடம் பூஜ்யத்தை நோக்கி இறங்க வேண்டும். உயரத்தைக் குண்டின் அடிப்பகுதியிலிருந்துதானே அளந்தீர்கள்? அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், 9.81 வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83 என்று ஜி இடத்துக்கு இடம் மாறும். மூன்று புள்ளிகளை வைத்து அந்த இரண்டாம் தசமத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னும் நாலைந்து உயரங்களில் அளந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.