சுனாமி மிதவையில் படகைக் கட்டலாமா?

கேள்வி: சூரை பிடிக்க நாகப்பட்டினத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறோம். சுனாமி மிதவையைச் சுற்றி மீன் நன்றாகக் கூடுகிறது. அளக்கும் கருவி கடலடியில்தான் இருக்கிறதாமே, மேலே படகைக் கட்டினால் என்ன கெட்டுவிடும்?

பதில்: கட்டாதீர்கள். அளப்பது அடியில் கிடக்கும் அழுத்தமானிதான், அதுவரை சரி. ஆனால் அளந்ததைக் கரைக்குச் சொல்ல அதற்கு மிதவையை விட்டால் ஆளில்லை. ரேடியோ அலை கடல்நீருக்குள் எடுபடாது என்பதால் கருவி ஒலியாகச் சேதி அனுப்புகிறது. 3,000 மீட்டர் மேலேறி வர அதற்கு இரண்டு விநாடி போதும். மிதவை அதை வாங்கிச் செயற்கைக்கோளுக்குக் கொடுக்கும், அங்கிருந்து சுனாமி எச்சரிக்கை விடும் ஹைதராபாத் இன்காய்ஸ் மையத்துக்குப் போய்விடும். படகு இழுக்கிற இழுப்பில் மிதவை விலகினாலோ அதன் நங்கூரக் கயிறு அறுந்தாலோ, கீழே கருவி பாட்டுக்கு அளந்துகொண்டிருக்கும். கரைக்கு ஒன்றும் வராது.

அது அளப்பது எவ்வளவு நுணுக்கமான விஷயம் பாருங்கள். 2004 சுனாமியின்போது, நிலநடுக்கம் நடந்து 2 மணி நேரம் கழித்து, கடல்மட்டத்தை அளக்கும் ஜேசன்-1 செயற்கைக்கோள் தற்செயலாக அந்த அலைக்கு மேலே கடந்தது. நடுக்கடலில் அலையின் உயரம் சுமார் 60 செ.மீ.தான்! உங்கள் படகு தினமும் அதைவிடப் பெரிய அலையில் ஆடுகிறது. ஆனால் காற்று எழுப்பும் அலையின் ஆட்டம் அதன் நீளத்தில் பாதி ஆழத்துக்குள் அடங்கிவிடும். சுனாமி அலையோ நூறு கிலோமீட்டருக்கு மேலும் நீளும், அதன் அழுத்தம் கடற்தரை வரை இறங்கும். கருவிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வு அந்த அழுத்தத்துக்கு ஏற்ப மாறுகிறது. ஓதம் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைக் கருவி முன்னதாகவே கணக்குப் போட்டு வைத்திருக்கும். வட பசிபிக்கில் உள்ள அமெரிக்கக் கருவிகள், கணக்குக்கும் அளவுக்கும் 3 செ.மீ. வித்தியாசம் வந்தாலே விழித்துக்கொண்டு அடுத்தடுத்துச் சேதி அனுப்பத் தொடங்கும்.

நிலநடுக்கமானி மட்டும் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. 11 ஏப்ரல் 2012 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நடுங்கியது. கடற்தரை பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. கரையில் மக்கள் பதறி ஓடினார்கள். அலை உண்டா இல்லையா என்பதைக் கடலை அளந்துதான் சொல்ல முடியும்.

சரி, மீனுக்கு வருவோம். சூரைக்கு சுனாமி மிதவைதான் வேண்டும் என்றில்லை, மிதக்கும் எந்தப் பொருளுக்குக் கீழேயும் கூடும். மிதவையிலிருந்து நன்றாகத் தள்ளித் தூண்டில் போடுங்கள். கயிறறுந்து மிதந்து வரும் மிதவையைப் பார்த்தால் அதிலிருந்து எதையும் கழற்றாமல், இடத்தைக் குறித்துக் கடலோரக் காவல்படைக்குச் சொல்லிவிடுங்கள்.