பெயர்களுக்கு மட்டும் கூட்டெழுத்து

கேள்வி: மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு அச்சகத்தில் 'கிரேட் வைப்ஸ்' என்ற ஆங்கிலக் கூட்டெழுத்து ஃபாண்டைக் காட்டினார்கள். கையால் எழுதியதுபோல் மெல்லிசாக, அவ்வளவு அழகு! மெரூன் அட்டையில் தங்க ஃபாயிலில் முழுப் பத்திரிகையையும் இதிலேயே அடிக்கலாமா? தமிழுக்கும் இப்படி ஒன்று உண்டா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அருமையான ஃபாண்ட்தான். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பது, அச்சுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் மணமக்கள் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள் அம்மா.

முதலெழுத்து சுழித்துக்கொண்டு கிளம்புவதும், மற்றவை அதன் பின்னால் கைகோத்து வருவதும்தான் இதன் அழகே. நம் பத்திரிகையிலோ இனிஷியலும் பி.இ., எம்.பி.ஏ.வும் வரிக்கு வரி வரும். அத்தனையும் கேப்பிடல். ஒரு சுழி அடுத்த சுழியில் முட்டி, படிக்கவே வராது. பட்டம், முகூர்த்த நேரம், மண்டப முகவரி எல்லாவற்றையும் சாதாரண நேர் எழுத்தில் போடச் சொல்லுங்கள். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியும் கூட்டக்கூடாது, இணைப்புக் கோடு அறுந்துவிடும்.

அடுத்தது ஃபாயில். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். எழுத்து பொறித்த உலோக அச்சான பிளாக், சூடேறித் தங்கத் தாளை அட்டையில் அழுத்தி ஒட்டுகிறது. கூர்முனைப் பேனாவில் கீழிறங்கும் கோடு அழுந்தித் தடிக்கும், மேலேறும் கோடு மயிரிழையாகும். இந்த ஃபாண்ட் அதை அப்படியே பிடித்திருக்கிறது. அந்த மயிரிழையில்தான் ஃபாயில் அங்கங்கே ஒட்டாமல் விடும். ஆங்கில 'ஈ'யின் குட்டி வளையம் அடைத்துக்கொள்ளும். சொரசொரப்பான அட்டை என்றால் இன்னும் மோசம். அதனால் வழவழப்பான அட்டை எடுங்கள். பெயரை 30 பாயின்ட்டுக்குக் குறையாமல் போடுங்கள். டிசைனர் கோட்டை ஓர் இழை தடிப்பாக்கலாம். அதற்கு மேல் போனால் நீங்கள் மயங்கிய அந்த மென்மையே இருக்காது.

தமிழுக்கு வருவோம். நம் எழுத்துகள் ஒன்றோடொன்று கோத்து ஓடுபவை அல்ல, தனித்தனியே நிற்பவை. ஆங்கிலம்போல் இணைக்கப் போனால் செயற்கையாகத் தெரியும். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' சாய்ந்த கையெழுத்துச் சாயலில் இருக்கிறது. அதுவும் இலவசம், கிரேட் வைப்ஸ் பக்கத்தில் உறுத்தாது. புள்ளியை மட்டும் கவனியுங்கள். எழுத்து சிறுத்தால் முதலில் காணாமல் போவது அதுதான். 'சரவணன்' போய் 'சரவணன' என்று நிற்கும்.

பிளாக்குக்குக் கொடுக்கும் முன் அதே அளவில் ஒரு பிரிண்ட் எடுத்து, வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். பெயர்களின் ஸ்பெல்லிங்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பிளாக் செய்த பிறகு ஓர் எழுத்தை மாற்றினாலும் புது பிளாக்தான்.