மழையில் ட்ராக், மறுநாள் ஆபீஸ்

கேள்வி: ஸ்விஃப்ட்டில் தினமும் ஆபீஸ் போகிறேன். நவம்பரில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ஓட்ட ஆசை. இரண்டுக்கும் சேர்த்து, ட்ராக்குக்கென்று வரும் செமி-ஸ்லிக் டயர் வாங்கலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: வேண்டாம் சார். செமி-ஸ்லிக் சூடேறினால்தான் பிடிக்கும். மழையில் அது சூடேறுவதே பெரும்பாடு. டயரில் வெட்டிய பள்ளங்களும் குறைவு, தண்ணீர் எங்கே போகும்? நானும் ஒருமுறை அந்த ஆசையில் செமி-ஸ்லிக்கை மாட்டிக்கொண்டு மழை ட்ராக்குக்குப் போனேன். மூன்றாவது சுற்றில், தண்ணீர் தேங்கிய இடத்தில் ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. நேராகப் புல்லுக்குள் போய் நின்றது. சேறு கழுவியதோடு போயிற்று.

கம்பெனி அளவிலேயே, ஈரப்பிடிப்புக்குப் பெயர்பெற்ற நல்ல ரோடு டயர் நான்கும் ஒரே மாதிரி போடுங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். சட்டப்படி பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. இருந்தால் போதும், நான் 3 மி.மீ.க்குக் கீழே மழை ட்ராக்கில் இறங்கமாட்டேன். அப்புறம், காய்ந்த ட்ராக்கில் சிலர் செய்வதுபோல் காற்றை இறக்காதீர்கள். காற்று குறைந்தால் டயர் சீக்கிரம் தண்ணீர்மேல் மிதக்கும்.