கத்திரி வெயிலும் வீட்டு நாயும்: கேள்வி பதில்

மதுரையில் 20 வருடத்துக்கு மேலாக நாய், பூனை பார்க்கும் கால்நடை மருத்துவர் நான். கேளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: நாய் தள்ளாடி விழுந்துவிட்டதென்றால் இங்கே டைப் செய்துகொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

சென்னை, பக் நாய் வளர்ப்பவர்: சாயங்காலம் 5 மணிக்குத்தான் நடக்கக் கூட்டிப்போனேன். பாதி வழியிலேயே இரைத்து உட்கார்ந்துவிட்டது. ஏன்?

வெயில் தாழ்ந்தது, ரோடு ஆறவில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது வாயின் ஈரம் ஆவியாகித்தான் சூடு இறங்க வேண்டும். சென்னைக் காற்றோ ஏற்கெனவே ஈரம். அதிலும் பக்குக்கு மூக்கே சப்பை, சும்மா இருக்கும்போதே மூச்சுக்குத் திணறுகிற பிராணி அது. விடியற்காலையில் கூட்டிப்போங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் 7 நொடி வையுங்கள், உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் அதற்கும் பொறுக்காது.

நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை. 105-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நிழலில் போட்டு, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேன் காற்று படச் செய்துவிட்டு உடனே கிளம்புங்கள். மொட்டைமாடி டேங்க் தண்ணீர் வேண்டாம், மே மாதத்தில் அதில் டீத்தூள் போட்டால் டீ ஆகிவிடும். குடத்துத் தண்ணீர் போதும். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் அது கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாராசிட்டமாலும் கூடாது, இது காய்ச்சல் இல்லை.

கோவை: ஹஸ்கிக்கு மொட்டை அடித்துவிடலாமா?

வேண்டாம். மேல்முடி, உள்முடி என்ற அந்த இரட்டை முடிதான் வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது. ஒட்ட வெட்டினால் தோல் வெந்துபோகும், சில நாய்களுக்கு முடி பழையபடி வளராது. உதிர்ந்து சிக்கிய உள்முடியைச் சீவி எடுங்கள். பனிப்பிரதேச நாயை இந்த ஊருக்கு வாங்கியது ஏன் என்று கேட்கமாட்டேன், வாங்கியாயிற்று.

திருச்சி: பூனை வாயைத் திறந்து இரைக்கிறது. அரை பாராசிட்டமால் கொடுக்கலாமா?

ஐயோ, கூடாது. அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். பூனை வாயைத் திறந்து இரைத்தாலே ஆபத்து என்று அர்த்தம், இப்போதே கிளம்புங்கள்.

சேலம்: பொமரேனியனுக்கு மொட்டை?

கோவைக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

நாகர்கோவில்: தொட்டி மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன.

சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். ஏர் பம்ப்பை நிறுத்தாதீர்கள், தீனியைக் குறையுங்கள். மற்றதை மீன் வளர்ப்பவர்களிடம் கேளுங்கள், என் துறை இல்லை.

விருதுநகர், ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்: வெயிலுக்கு எங்கள் நாய்க்குத் தினமும் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். குளிர்ச்சிதானே?

சோறு சரி, உப்பில்லாத மோரும் கொஞ்சம் சரி. வெங்காயத்தை நிறுத்துங்கள். நாய்க்கும் பூனைக்கும் அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

அவரே: தாத்தா காலத்திலிருந்து கொடுக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. நாட்டு நாய் டாக்டர், தாங்கும்.

ஐயா, நாட்டு நாய் வெயிலைத் தாங்கும், வெங்காயத்தைத் தாங்க அதற்குத் தனி ரத்தம் கிடையாது. கிலோ எடைக்கு 15 கிராம் அளவு ஒரே நேரத்தில் போனாலே கெடுதல் தெரிய ஆரம்பிக்கும், அதைவிடக் குறைவாகத் தினமும் போனாலும் சேர்ந்துகொண்டே வரும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. சாப்பிட்ட அன்றைக்கே ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், நீங்கள் வெயிலால் வந்த சோர்வு என்று நினைத்துக்கொள்வீர்கள். தாத்தாவின் நாய் எதனால் செத்தது என்று யார் பார்த்தார்கள்?

மதுரை: அப்போ திராட்சை, மாம்பழம்?

திராட்சை கூடவே கூடாது, சிறுநீரகம் போய்விடும். மாம்பழச் சதை பரவாயில்லை, கொட்டையை விழுங்கினால் குடல் அடைத்து ஆபரேஷன்தான்.

ராஜபாளையம்காரர்: சரி டாக்டர், இன்று வெங்காயம் போடாமல் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு என்னை முறைக்கிறது.

முறைக்கட்டும். நாளைக்குக் குடிக்கும். வெள்ளை நாய், மூக்கு ரோஸ் நிறம், வெயிலில் வெந்துவிடும், மத்தியானம் நிழலில் கட்டுங்கள்.

ஈரோடு: லாப்ரடாருக்கு மொட்டை அடித்தால் வெயில் தாங்குமா டாக்டர்?

நான் தூங்கப் போகிறேன்.