மீத்தேனை உண்ணும் நுண்ணுயிர்கள் மின்சாரம் தருவது எப்படி?

கோடையில் வற்றும் ஊருணியின் சேற்றைக் கோலால் கிளறினால் எழும் குமிழிகளில் பெரும்பகுதி மீத்தேன்தான் என்பதைச் செட்டிநாட்டார் அறிவர். அதை உண்ணும் உயிர்களால் விளக்கெரிக்க இயலுமா என்பதே இங்குள்ள கேள்வி.

இயலும், ஆனால் இப்போதைக்கு ஆய்வகத்தில் மட்டுமே. மெத்தனோபெரிடென்ஸ் என்னும் ஆர்க்கியா (பாக்டீரியாவைப் போல ஒரே செல்லால் ஆனது; ஆனால் பாக்டீரியா அன்று, தனி இனம்) ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழ்ந்து, ஒரு மீத்தேன் மூலக்கூறைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றும்போது 8 எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது. இயற்கையில் அவற்றை நைட்ரேட் ஏற்றுக்கொள்கிறது; நைட்ரேட்டை விலக்கிவிட்டு, அந்த இடத்தில் கார்பன் மின்முனையை வைத்தால், எலெக்ட்ரான்கள் அதன் வழியே வெளிச்சுற்றில் பாய்கின்றன. செல்லுக்கு வெளியே அவற்றைக் கடத்துவதில், இரும்பு அடங்கிய சைட்டோகுரோம் புரதங்களுக்குப் பெரும் பங்கு உண்டு எனக் கருதப்படுகிறது.

நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், உண்ணப்பட்ட மீத்தேனின் எலெக்ட்ரான்களில் ஏறத்தாழ 31 விழுக்காடு மின்னோட்டமாகக் கிடைத்தது. இது எலெக்ட்ரான்களின் எண்ணிக்கைக் கணக்கு மட்டுமே; மீத்தேனில் உள்ள ஆற்றலில் எவ்வளவு மின்சாரமாயிற்று என்று சொல்லும் ஆற்றல் திறனாக இதை எடுத்துக்கொள்ளலாகாது. பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இந்த உயிர்கள் மிக மெதுவாகப் பெருகுவதாலும், மீத்தேன் நீரில் அரிதாகவே கரைவதாலும், மின்னோட்டம் மிகச் சிறிதாகவே இருக்கிறது.

காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருப்பதால், மின்முனை, மின்கலம் ஆகியவற்றின் அடிப்படைகளை அறிய விரும்பும் மாணவர்கள் தொலைவு செல்ல வேண்டியதில்லை.